மலைவழிக்கு ஓர் ஆற்றுப்படை

திருக்குறளின் பொருட்பாலை வரிசையாகப் படித்து வருவோர் ஓரிடத்திற் சற்றே தயங்கி நிற்பர். 106-ஆம் அதிகாரத்திற்கு 'இரவு' என்று பெயர். அடுத்து வரும் 107-ஆம் அதிகாரத்திற்கு 'இரவச்சம்' என்று பெயர். முன்னது, தக்காரிடம் சென்று கேட்பது இழிவாகாது என்கிறது. பின்னது, கேட்க நேர்வதே பெருங்கொடுமை என்கிறது. அடுத்தடுத்த இரண்டு அதிகாரங்களில் ஆசிரியர் இவ்வாறு தம்மோடு தாமே முரண்படலாமோ என்று மாணவர் வினவுவதுண்டு. உண்மையில் முரண் எதுவுமில்லை. தக்காரைக் கண்டாற் கேட்கலாம் என்னும் நிபந்தனையோடுதான் வள்ளுவர் முன்னதைத் தொடங்குகிறார். அந்த நிபந்தனை நிறைவேறாத இடத்திலேதான் பின்னதன் அச்சம் பிறக்கிறது. உதவி நாடிச் செல்பவனுடைய இன்னல்கள் அனைத்தும் அந்த ஒரு நிபந்தனைக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

தக்காரைக் காண்பது அரிது என்பதைப் பண்டைப் புலவர் நன்கு உணர்ந்திருந்தனர். அதனாலன்றோ ஆற்றுப்படை என்ற ஓர் இலக்கிய வகையையே வளர்த்தனர்? பத்துப்பாட்டிற் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். திருமுருகாற்றுப்படை இறைவனிடத்தே ஆற்றுப்படுத்துவது. ஏனைய நான்கும் வறுமையுற்ற கலைஞனை வள்ளலிடத்தே ஆற்றுப்படுத்துவன. பரிசில் பெற்று மீள்கின்றவன், பெறாது வாடி எதிர்வருகின்றவனை வழியிற் கண்டு, தான் சென்ற நெறியையும் தான் பெற்ற பேற்றையும் எடுத்துரைப்பதே இவ்வகைப் பாட்டின் அமைப்பு. இங்கே உதவி செய்பவர் இருவர் என்பதைக் கவனிக்க வேண்டும். கொடுப்பவன் ஒருவன், கொடுப்பவனிடம் செல்லும் வழியைச் சொல்பவன் மற்றொருவன். வள்ளலின் புகழைப் பாடும் நாம் வழி சொன்னவனை மறந்துவிடுகிறோம். அவன் இல்லையேல், வள்ளல் மலைக்கு அப்பால் இருந்தும் இல்லாதவனே ஆவான்.

நான்கினுள்ளும் நம் பொருளுக்கு மிக அணுக்கமானது பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம். 583 அடிகளைக் கொண்ட இப்பாட்டு, கூத்தரை நன்னனிடம் அனுப்புகிறது. நன்னனுடைய கொடையை மட்டும் சொல்லி அது நின்றுவிடவில்லை. மலைவழியில் பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே, பாம்பு உறையும் இடம் எங்கே, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எப்பக்கத்திலிருந்து பாய்ந்து வரும், கால் வழுக்கும் பாறை எது, இரவு தங்க வேண்டிய சிற்றூர் எது, அங்கே உள்ளவர் எவ்வாறு வரவேற்பர் என்றெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறது. வழியை மட்டும் சொல்லி இடரை மறைத்திருந்தால் அஃது ஆற்றுப்படையாகியிராது.

இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தமிழருடைய வரலாற்றை இந்தப் பழம்பாட்டின் துணைகொண்டு நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். 1823-ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு, 2023-இல் 'மலையகம் 200' என்று அம்மக்கள் நினைவுகூர்ந்தனர். இந்த இருநூறு ஆண்டுகளிலும் அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கேட்கத் தெரியாத மக்கள் என்று அவர்களைச் சொல்பவர் வரலாறு அறியாதவர். தலைவர்கள் இருந்தனர், சட்டங்கள் இருந்தன, அலுவலகங்களும் இருந்தன. இடரையும் சேர்த்து வழி சொல்பவர்தாம் அருகியே இருந்தனர்.

உயரமான நிலையமும் உயராத வழியும்

கொழும்பிலிருந்து பதுளை செல்லும் இருப்புப்பாதையில் பட்டிப்பொல நிலையமே எல்லாவற்றினும் உயரமானது. கடல் மட்டத்திற்கு மேல் 6,226 அடி. அதனைத் தாண்டி ஒகியாவை நோக்கிச் செல்லும் வண்டி ஒரு சுரங்கத்தைக் கடந்து ஊவாவுக்குள் இறங்குகிறது. ஒரு புறம் அம்பேவெலப் பால்பண்ணையின் புல்வெளி; மறுபுறம் ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறும் சாலை; இடையிடையே காய்கறிப் பாத்திகள்; சற்றே கீழே இறங்கினால் தேயிலை. சமவெளியைக் காண வரும் உல்லாசப் பயணிக்கு இங்கே ஒரு குறையுமில்லை. திசை காட்டும் பலகை உண்டு, வண்டி உண்டு, நுழைவுச் சீட்டுப் பெறும் இடம் இன்னதென்று சொல்ல ஆளும் உண்டு.

இதே மலைக்கட்டில் ஏதேனும் ஒரு லயத்தில் வாழும் தாய் ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். மகனுக்குப் பரீட்சை நெருங்குகிறது. ஆள் அடையாள அட்டை வேண்டும். அதற்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். பத்திரத்திலே தந்தையின் பெயர் ஒருவிதமாகவும், தந்தையின் அடையாள அட்டையிலே வேறொரு விதமாகவும் எழுதப்பட்டிருக்கின்றன. தமிழ்ப் பெயரை வேற்றுமொழி எழுத்திலே காதாற் கேட்டு எழுதியவர் யாரோ செய்த பிழை. இதனைத் திருத்த அவள் எங்கே தொடங்க வேண்டும்? தோட்டத்து அலுவலகமா, கிராம அலுவலரா, பாடசாலை அதிபரா, பிரதேச செயலகமா?

அவள் ஒரு நாட் சம்பளத்தை இழந்து புகைவண்டியேறி நானுஓயாவில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் நுவரெலியாவை அடைகிறாள். வரிசையில் நின்று மேசையை அடைந்ததும், இன்ன கடிதம் இல்லாமல் இதனை ஏற்க இயலாது என்ற விடை கிடைக்கிறது. அந்தக் கடிதத்திற்காக மற்றொரு நாள். அதைக் கொண்டுவந்தபின் அதில் முத்திரை இல்லை என்று இன்னொரு நாள். இதில் எவரையும் கொடியவர் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு மேசையும் தன் எல்லையைச் சரியாகவே சொல்கிறது. முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை முழு வழியைச் சொல்லும் மேசை ஒன்றுகூட இல்லை என்பதே குறை.

மேசைகளுக்கு இடையே உள்ள அந்த வெற்றிடத்திலேதான் 'பெட்டிசம்' எழுதுபவர் வந்து அமர்கிறார். அவர்களுள் நேர்மையாளர் பலர் உண்டு. அவர்களுடைய பேனாவால் வாழ்ந்த குடும்பங்களும் உண்டு. ஆயினும், தன் பெயரால் எழுதப்பட்டது இன்னதென்று கேட்டவளுக்கே தெரியாத நிலையை என்னென்பது? அவள் சொன்னது ஓர் எளிய குறை. தாளில் ஏறியதோ 'மகாகனம் பொருந்திய' என்று தொடங்கும் வழிபாட்டுரை. குறை எந்த வரியில் இருக்கிறது என்று தேடித்தான் எடுக்க வேண்டும். விடை வராதபோது, தவறு தன் குறையிலா, எழுதியவர் எழுத்திலா, பெற்றவர் மேசையிலா என்று அவளால் அறிய முடியாது. நம்பிக்கை மட்டும் தேய்ந்துபோகிறது. அடுத்த முறை அவள் கேட்கவே வரமாட்டாள். வள்ளுவர் 'இரவச்சம்' என்றது இந்த நிலைக்கும் பொருந்தும்.

கடனாக வந்த உதவி

இந்நிலை நேற்றுத் தோன்றியதன்று. மலைநாட்டுத் தொழிலாளிக்கு முதன்முதல் உதவி செய்தவன் கங்காணி. கிராமத்திலே பஞ்சம், கங்காணி முன்பணம் கொடுத்தான், வழிச்செலவு கொடுத்தான், மலைக்கு அழைத்தும் வந்தான். வழி தெரிந்தவன், மொழி தெரிந்தவன், துரையோடு பேசத் தெரிந்தவன். பெரும்பாலும் சொந்தக்காரன் அல்லது ஊர்க்காரன். அவனைவிடத் தக்கார் யார் என்றே எவரும் எண்ணியிருப்பர். ஆனால், அவன் செய்த உதவி ஒவ்வொன்றும் கணக்கிலே கடனாக ஏறியது. தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால், இவ்வளவு கடனைத் தீர்த்தால் இவனை விடுவேன் என்று துரை எழுதித் தரும் 'துண்டு' வேண்டும். புதிய தோட்டம் அக்கடனைத் தீர்க்கும்; பழைய கடன் புதிய இடத்திலே தொடரும். கங்காணிக்கோ, வேலைக்கு இறங்கிய தலை ஒவ்வொன்றுக்கும் நாள்தோறும் காசு உண்டு. தன் ஆட்கள் தனித்து வழி கண்டு போய்விட்டால் அவனுக்கு நட்டம். ஆகையால் வழி தெரிந்தவன் வழியை மறைத்து வைத்தான்.

தீய உதவியின் முதல் இலக்கணம் இதுவே: கேட்டவன் மறுபடியும் தன்னிடமே வர வேண்டும் என்று விரும்புவது.

சட்டமும் அன்று அவன் பக்கமே நின்றது. 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டுச் செல்வது தண்டனைக்குரிய குற்றம். தொழிலாளி தன் துன்பத்தைச் சொல்ல வேண்டுமானால், அவனை வழக்கிற்கு இழுக்கக்கூடியவரிடமே சொல்ல வேண்டியிருந்தது. சேர். பொன்னம்பலம் அருணாசலம் முதலிய பெரியோர் இத்தண்டனை விதிகளை எதிர்த்து வாதிட்டனர். 1921-ஆம் ஆண்டின் சட்டம் தண்டனை விதிகளையும் துண்டு முறையையும் நீக்கியது. 1923 முதல் இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் கண்டியில் அமர்ந்து தொழிலாளரின் முறைப்பாடுகளைக் கேட்டார். அவர் தோட்டங்களைப் பார்வையிடலாம், அறிக்கை எழுதலாம், கட்டளையிட முடியாது. கேட்கக் காது இருந்தது. செய்யக் கை இல்லை. ஆயினும், தோட்ட எல்லைக்கு வெளியே தன் குறையைக் கேட்க ஒருவர் உளர் என்பதே அக்காலத்தில் பெரும் புதுமையாயிருந்தது.

மெய்யான ஆற்றுப்படையைத் தொடங்கியவர் தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர். வெளியார் தோட்டத்துக்குள் கால் வைப்பதே குற்றமாகக் கருதப்பட்ட நாளில், அவர் துணி வியாபாரியாக வேடம் பூண்டு உள்ளே சென்று அங்குள்ள நிலையைக் கண்டார் என்பர். பின்னர் 'தேசபக்தன்' முதலிய பத்திரிகைகளை நடத்தினார். 1931-இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தொழிற்சங்கம் அமைத்தார். 1936-இல் ஹற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். இவற்றினும் பெரிது ஒன்றுண்டு. உரிமை இன்னது, அதனைக் கேட்கும் இடம் இன்னது என்று துண்டுப் பிரசுரங்களிலே தொழிலாளியின் மொழியில் எழுதினார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் அவற்றையே பாட்டாக்கி, மக்கள் அறிந்த மெட்டுக்களிலே பாடினார். படிக்கத் தெரியாதவர் செவியிலே சட்டம் பாட்டாக நுழைந்தது. தாம் இல்லாத இடத்திலும் தொழிலாளி தானே பேச வேண்டும் என்று அவ்விருவரும் விரும்பினர். கங்காணி விரும்பாதது இதுவே.

கெடுவும் தாளும்

வழிகாட்டல் இன்மையால் ஒரு மக்கட் கூட்டம் எவ்வளவு இழக்கும் என்பதற்குக் குடியுரிமையின் கதையைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலாரைக் குடியுரிமைக்கு வெளியே நிறுத்தியது. 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றிருந்தனர்; வாக்குரிமை பறிபோனபின், 1952-இல் அவர்களுள் ஒருவரும் திரும்பிச் செல்ல இயலவில்லை. குறை சொல்லிக்கொள்ளத் தமக்கென இருந்த உறுப்பினரும் இல்லாமற் போயினர். வழக்கு பிரித்தானியப் பிரிவி கவுன்சில் வரை சென்று 1953-இல் தோற்றது.

இடையிலே ஒரு வழி திறந்தது. 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்கச் சட்டப்படி விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம். கெடு, 1951 ஆகஸ்ட் 5. மணமானவர் 1946-ஆம் ஆண்டு தொடங்குவதற்கு முன்னர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்ததை நாட்ட வேண்டும். மனைவி மக்களின் வாசத்தையும் நாட்ட வேண்டும். லயத்து அறையிற் பிறந்து, பதிவு செய்யப்படாத பிள்ளைக்கு எந்தத் தாளைக் காட்டுவது? தாயின் ஈமக்கடனுக்கோ தங்கையின் திருமணத்திற்கோ ஊர் சென்று, அங்கே ஓராண்டுக்கு மேல் தங்க நேர்ந்தவனுடைய வாசம் இடையறாததா, அறுந்ததா? மலைபடுகடாத்துக் கூத்தருக்குச் சொல்லப்பட்ட வழுக்குப் பாறைகள் போன்றவை இவ்வினாக்கள். ஆனால் இங்கே முன்னரே சென்று மீண்டவர் எவருமில்லை.

வழிகாட்ட வேண்டியவரும் முதலிலே தடுமாறினர். அச்சட்டம் அநீதியானது; ஆகையால் அதன்கீழ் விண்ணப்பிப்பதைப் புறக்கணிக்க வேண்டும் என்று இலங்கை இந்தியர் காங்கிரஸ் கருதியது. கெடு நெருங்கிய பிறகே விண்ணப்பிக்கும்படி கூறியது. சட்டம் அநீதியானது என்ற கருத்தில் தவறில்லை. ஆயினும், இரண்டாண்டுக் கெடுவில் ஒரு பெரும்பகுதி அந்தத் தடுமாற்றத்திலே கழிந்தது. கடைசி மாதங்களிலே தாள்கள் குவிந்தன. அவசரத்தில் நிரப்பியவற்றில் ஓர் எழுத்தோ ஓர் ஆண்டோ பிழையாயின், அதனைத் திருத்திக் கேட்க மறுவாய்ப்பு எளிதிற் கிட்டவில்லை. ஏறத்தாழ 8,24,000 பேரை உள்ளடக்கிய 2,37,000 விண்ணப்பங்கள் சென்றன. ஆண்டுகள் பல கடந்து முடிவில் குடியுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

மற்றையோரின் கதி 1964 அக்டோபர் 30-ஆம் நாள் எழுதப்பட்டது. சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப்பற்றிப் பின்னர் பார்க்கலாம் என்று பங்கிட்டது. அப்பின்னர் 1974-இல் வந்தது. இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்தப் பங்கீட்டில் பங்கிடப்பட்டவரின் கருத்தை எவரும் கேட்கவில்லை. தம் குறையைத் தாமே சொல்ல வழியில்லாதவருக்காகப் பிறர் பேசத் தொடங்கினால், பேச்சின் முடிவு இவ்வாறும் ஆகக்கூடும்.

பத்து நாட்களில் நடந்தது

அதே கோரிக்கை, அதே மக்கள், ஏறத்தாழ அதே தாள்கள். ஆயினும் 2003-ஆம் ஆண்டில் நடந்தது வேறு. அவ்வாண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்து வரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை அளித்தது. சட்டத்தை இயற்றிவிட்டு, வேண்டுபவர் கொழும்புக்கு வரட்டும் என்று எவரும் வாளாவிருக்கவில்லை. அரசாங்கமும், ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர் ஆணையகமும், தொழிற்சங்கமும் சேர்ந்து, பயிற்சி பெற்ற தொண்டர்களோடு தோட்டப் பகுதிகளிலேயே நடமாடும் நிலையங்களை அமைத்தன. தாளை நிரப்ப ஆள் இருந்தார். நிரப்பியதை உறுதிப்படுத்தவும் ஆள் இருந்தார். பத்து நாள் அளவில் ஏறத்தாழ 1,90,000 பேர் தம் உரிமையைப் பெற்றனர்.

ஐம்பத்தைந்து ஆண்டுகளாக அவிழாத முடிச்சு பத்து நாளில் அவிழ்ந்தது எவ்வாறு? சட்டம் மாறியது முதற் காரணம். அதனை எவரும் மறுக்கார். சட்டம் மட்டும் மாறியிருந்தால், தாள்கள் மறுபடியும் ஆண்டுக்கணக்கில் நகர்ந்திருக்கும் என்பதையும் மறுத்தற்கில்லை. 1951-இல் மக்கள் மேசையைத் தேடி அலைந்தனர். 2003-இல் மேசை மக்களைத் தேடி வந்தது. மலைநாட்டின் ஆசிரியரும் மாணவரும் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டிய பாடம் இதில் இருக்கிறது. நல்லுதவி என்பது அரிய வரம் அன்று. திட்டமிட்டாற் செய்யக்கூடிய ஒரு தொழில்.

திட்டமில்லாத உதவி எவ்வளவு நல்லெண்ணம் உடையதாயினும் உயிரைக் காக்காது என்பதையும் மலைநாடு அறிந்திருக்கிறது. பட்டிப்பொலவைக் கடந்து ஊவாவுக்குள் இறங்கும் மலைத்தொடரின் தெற்குச் சரிவிலே கொஸ்லாந்தைக்கு அருகில் மீரியபெத்தை உள்ளது. அங்கே மண் சரியக்கூடும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை சரியானது. ஆனால், அவ்விடத்தை விட்டு எங்கே போவது, யார் நிலம் தருவார், யார் வீடு கட்டுவார் என்ற வினாக்களுக்கு விடை அதனோடு வரவில்லை. மக்கள் அதே லயங்களிலேயே இருந்தனர். 2014 அக்டோபர் 29-ஆம் நாட் காலையில் மலை சரிந்தது. லயங்கள் அவற்றில் வாழ்ந்தோர் பலரோடு மண்ணுள் மறைந்தன. 'போ' என்பது மட்டும் உதவியாகாது. 'இன்ன இடத்துக்கு, இன்ன வழியாகப் போ' என்றால்தான் அஃது உதவி.

திறந்த கதவுகள்

இன்று கதவுகள் பல திறந்திருக்கின்றன என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. 1987-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1999-இல் நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிருவாகத்திற்கென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. தோட்டத்து மக்கள் பிரதேச சபையின் கதவைத் தட்டியபோதெல்லாம் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு குறுக்கே நின்றது. தோட்டத்துக்குள் சபை தாராளமாகப் பணி செய்ய அது இடந்தரவில்லை. 2018-ஆம் ஆண்டின் திருத்தம் அத்தடையை அகற்றியது.

இவற்றுள் மிகக் குறைவாக அறியப்பட்டதும் மிகப் பயனுள்ளதும் 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அது 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. அரச அலுவலகம் ஒவ்வொன்றிலும் தகவல் அலுவலர் இருக்க வேண்டும். கேட்பவருக்கு அவர் துணை செய்யவும் வேண்டும். எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அலுவலரே அதனை எழுத்தில் வடித்துக்கொள்ள வேண்டும். கேட்டதற்குச் சான்றாக எழுத்தில் ஏற்பு அளிக்க வேண்டும். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். தாயொருத்தி தன் விண்ணப்பம் எந்த மேசையில் கிடக்கிறது என்று இச்சட்டத்தின்கீழ்க் கேட்கலாம். கேட்கலாம் என்பது அவளுக்குத் தெரியுமா? வினா அங்கேதான் நிற்கிறது. சிறுபாணாற்றுப்படை, நல்லியக்கோடனுடைய வாயிலைக் கலைஞருக்கு என்றும் அடைக்கப்படாத வாயில் என்று போற்றுகிறது. அடையாத வாயிலானாலும், அஃது எத்திசையில் உள்ளது என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.

யார் செய்வது?

இப்பணியை மலைநாட்டிலே ஏற்கெனவே செய்து வருபவர் ஆசிரியரே. ஊரிலே கடிதம் வந்தால் படித்துச் சொல்பவர் அவர். படிவம் வந்தால் நிரப்புபவர் அவர். தேவையானது, தனி மனிதரின் இரக்கமாக நடப்பதை ஒரு முறையாக ஆக்குவதுதான். பாடசாலை ஒவ்வொன்றிலும் ஒரு வழிநூல் இருக்கட்டும். பிறப்புப் பத்திரத்தில் பெயர் திருத்தம், அடையாள அட்டை, சேமலாப நிதி, முதியோர் கொடுப்பனவு, மின் இணைப்பு என்று ஒவ்வொன்றிற்கும் ஒரு பக்கம். எந்த அலுவலகம், எந்த நாள், என்ன தாள்கள், யாருடைய கையொப்பம், என்ன கட்டணம் என்பன அதில் இருக்க வேண்டும். யாரும் சொல்லாத இடர்களும் இருக்க வேண்டும்: எந்தப் படிவத்தில் எந்தக் கட்டம் வழக்கமாகப் பிழைபடுகிறது, எந்தக் காரணத்தால் திருப்பி அனுப்புகிறார்கள், பகல் வண்டியைத் தவற விட்டால் என்ன செய்வது. காரியம் முடித்து மீண்டவர் சொல்ல, மேல்வகுப்பு மாணவர் எழுத வேண்டும். பெற்றவன் பெறாதவனுக்குச் சொல்லும் பழைய மரபு இதுவே.

எழுதும்போது காக்க வேண்டிய ஒழுங்குகளும் சில உண்டு. கேட்பவருடைய குறையை அவருடைய சொல்லிலேயே எழுதுக. கையொப்பமிடுமுன் உரக்கப் படித்துக் காட்டுக. குறையை முதல் வரியிலே சொல்லுக, புகழ்ச்சியை விட்டுவிடுக. படி ஒன்றை வைத்துக்கொள்க. கொடுத்த நாளையும் பெற்ற பற்றுச் சீட்டின் இலக்கத்தையும் குறித்துக்கொள்க. பதில் வந்து சேரும் முகவரி எது என்று முதலிலே உறுதி செய்க. லயத்துக்கு வரும் கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கே சென்று, அங்கேயே தங்கிவிட்ட கதைகளை மலைநாடு நன்கறியும். தமிழ்ப்பாட வகுப்பிலே விடுமுறைக் கடிதம் எழுதப் பழக்குவது போலவே, மெய்யான விண்ணப்பம் ஒன்றை எழுதவும் பழக்கலாம். ஒரு தவணைக்குள் வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக்கு வேண்டிய ஒரு தாளைத் தானே நிரப்பியிருக்கும்.

ஆசிரியர்மீது மேலும் ஒரு சுமையா என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானது. பட்டிப்பொல போன்ற இடங்களுக்கு நாள்தோறும் தொலைவிலிருந்து வந்து போகும் ஆசிரியருக்கு நேரமே பெரிய வறுமை. ஆகையால் இது ஆசிரியர் ஒருவர் தனியே சுமக்க வேண்டியதன்று. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிற் பயிலும் இளைஞர், ஊர் வாசிகசாலை, பல்கலைக்கழகம் சென்ற பிள்ளைகள் ஆகியோர் பகிர்ந்துகொள்ளலாம். மற்றொரு மறுப்பும் உண்டு: அரசு செய்ய வேண்டிய கடமையை ஊரார் தலையிற் கட்டுவது முறையா? முறையன்றுதான். வழி சொல்பவன் வள்ளலுக்கு மாற்றாக மாட்டான். நன்னனே கதவைச் சாத்தியிருந்தால் மலைபடுகடாம் பாடிப் பயனில்லை. ஆயினும், வழிநூல் ஒன்று ஊரிலிருந்தால், எந்தக் கதவு சாத்தியிருக்கிறது, எத்தனை பேர் எத்தனை நாள் அதன்முன் நின்றனர் என்பதற்கும் அதுவே சான்றாகும். கணக்கோடு கேட்கப்படும் கேள்வியைத் தட்டிக் கழிப்பது எவ்வலுவலகத்துக்கும் எளிதன்று.

ஓர் எச்சரிக்கை மட்டும் மறக்கலாகாது. வழி தெரிந்தவன் கைக்கு அதிகாரம் வந்து சேரும். அதிகாரம் வந்தால் கங்காணியின் நிழல் பின்னால் வரும். சந்தாவுக்காகவோ, வாக்குக்காகவோ, வெறும் நன்றிக்காகவோ பிறரைத் தம் வாசலிலே நிற்க வைக்கும் ஆசை படித்தவரையும் விடுவதில்லை. ஆகையால் உதவியை அளக்க ஒரே ஒரு கோல் போதும்: சென்ற ஆண்டு நம்மிடம் எழுதிக்கொண்டு போனவர், இவ்வாண்டு தாமே எழுதினாரா? தாம் எழுதியதோடு நில்லாமல், அடுத்த வீட்டாருக்கும் சொல்லிக் கொடுத்தாரா? ஆம் என்று விடை வருமாயின், அந்த ஊரிலே 'இரவச்சம்' குறையத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.